காய்ச்சலுக்குக் காரணம் நான் அல்ல

மகளிர் விடுதி, மதுரை
அக்டோபர் 1996, புதன்கிழமை

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு, உங்கள் தம்பி மகள் பெல்சி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நான் நலம். அங்கே நீங்கள் நலமில்லை என்றும் அதற்குக் காரணம் நான்தான் என்றும் உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிட்டதால், நலம் விசாரிக்கும் வழக்கமான வரிக்கு இங்கே இடமில்லை. ஞானமணி பெரியம்மாவுக்கு என் அன்பு. ஆடு ராணிக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும். ஆட்டைப் போய் விசாரிக்கிறாளே என்று கோபிக்க வேண்டாம், இந்தக் கடிதத்தில் அது முக்கியமான ஆள். அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் நீங்கள். அதனால் என்னிடம் இருந்த மரியாதை முழுவதையும் இந்தப் பத்தியிலேயே செலவழித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"ஒன்னைய மனுச டாக்டராக்க நெனச்சோம், மாட்டு டாக்டராயிட்ட. சரி போகட்டும்னு விட்டோம். இப்ப அதுக்கு மேல ஒரு படிப்பு, மனுசன், மாடு, தண்ணி, மரம் எல்லாத்துக்கும் சேத்துங்கிற. மாப்பிள்ள வீட்டுல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்று எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை அருண் ஜோசப்பின் அப்பா மகனோடு நம் வீட்டுக்கு வந்து, பொண்ணு மனுசருக்கா மாட்டுக்கா என்று கேட்டதற்கு, முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த நீங்கள் "ரெண்டுக்கும் நடுவுல" என்று சொல்லியிருக்கிறீர்கள். நடுவில் என்ன இருக்கிறது பெரியப்பா, வாலா? இந்த வேதனையில்தான் உங்களுக்குக் காய்ச்சல் வந்ததாம், நான் படிப்பை நிறுத்திவிட்டு மானகிரிக்கு வந்து மாப்பிள்ளையைப் பார்த்தால் இறங்கிவிடுமாம். நான் வர மாட்டேன். பயிற்சி முடியும்வரை வீட்டுப் படி ஏற மாட்டேன். மாப்பிள்ளையைப் பார்க்கவும் மாட்டேன். வீட்டில் எனக்குப் பேசாத பெண் என்று பெயர். நிறையப் படிக்கிறவர்கள் குறைவாகப் பேசுவது வழக்கம்தான். ஆனால் எழுதுவார்கள்.

என்ன படிக்கிறேன் என்று ஒரு தடவைகூட நீங்கள் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். போன மாதம் எங்களை நேமத்தான்பட்டிக்கு அனுப்பினார்கள். மூன்று பேர். மனித வைத்தியம் முடித்த பாண்டிமுருகன், தண்ணீரும் மண்ணும் படித்த மாரீஸ்வரி, ஆடு மாடு படித்த நான். முதல் நாள் ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய வேண்டும் என்பது எங்கள் பேராசிரியரின் சட்டம். சோலையம்மாள் என்கிற அக்கா வீட்டில் அவர் கணவர் பூமிநாதன் காய்ச்சலில் படுத்திருந்தார். மனிதரை விசாரிப்பது என் பங்கு. நானும் பழக்க தோஷத்தில் அவர் வயதைக் கேட்காமல், பல்லைக் காட்டுங்கள் என்று சொல்லி, தாடையைப் பிடித்துக் கீழ்வரிசையைப் பார்த்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தேன். அதே நேரம் வாசலில் பாண்டிமுருகன் ஆட்டுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, அவன் பழக்க தோஷத்தில், "புகைப் பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறான். "பீடி குடுத்தா திங்கும் தம்பி, பத்த வச்சுத்தான் பாத்ததில்ல" என்று சோலையம்மாள் அக்கா பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். பிறகு எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்து, "மூணு பேரும் சேந்து பாக்குறீக, சரி. ஆட்டு ஊசிய ஆளுக்குப் போட்டுட்டுப் போயிர மாட்டீகளே?" என்றார்.

இதற்குள், மாற்றிக்கொள்ள ஆள் மிஞ்சாததால் தன் வேலையையே செய்ய வேண்டியிருந்த மாரீஸ்வரி, புட்டியில் தண்ணீர் எடுக்க ஊருணிக்குப் போய், படியில் வழுக்கி முழங்கால் வரை உள்ளே இறங்கிவிட்டாள். குடிதண்ணீர் ஊருணியில் கால் படக் கூடாது என்பது நம் பக்கத்துச் சட்டம். அவள் நெல்லைக்காரி, அவளுக்கு எப்படித் தெரியும்? குடம் எடுத்து வந்த பெண்கள் எல்லோரும் கரையில் நின்று, "அடியே, குடிக்கிற தண்ணியில காலை வச்சிட்டியே, வெளங்குவியா? நாங்க மொகங்கூட கழுவ மாட்டோம்டி!" என்று பிடித்துக்கொண்டார்கள். தலை குனிந்து வசவு வாங்கிக்கொண்டிருந்தவள் மேல் ஏதோ சொட்டியது. நிமிர்ந்து பார்த்தால், தண்ணீருக்கு மேலே சாய்ந்திருந்த ஆலமரக் கிளையில் வைக்கோல் பொட்டலங்கள் தொங்கின.

"அது என்னக்கா, தேன்கூடா?" என்றாள்.

"தேன்கூடாம்ல! ஆடு மாடு போட்ட நஞ்சுக்கொடிடி. பால் மரத்துல கட்டுனாத்தான் பால் நல்லாச் சொரக்கும்."

மாரீஸ்வரி ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். கால் வைத்ததற்குத் திட்டியவர்கள் அதற்கு மேல் என்ன திட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

சொட்டிய பொட்டலம் சோலையம்மாள் அக்காவின் ஆட்டுடையது. ஆடு மாசம் முடியும் முன்பே செத்த குட்டியைப் போட்டிருக்கிறது. வெறுங்கையால் இழுத்து எடுத்தவரும், சுற்றிக் கட்டியவரும் பூமிநாதன். அதற்குப் பிறகுதான் அவருக்குக் காய்ச்சல். எங்களுக்கு முன்பு ஆட்டைப் பார்த்த டாக்டர் ஆளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆளைப் பார்த்த டாக்டர் ஆட்டைப் பற்றிக் கேட்கவில்லை, கிளையில் தொங்கியதை யாருமே பார்க்கவில்லை. இரண்டு இரத்தத்தையும் சோதித்தோம். ஒரே கிருமி. குட்டியோடும் நஞ்சுக்கொடியோடும் வெளியே வரும், பச்சைப் பாலிலும் இருக்கும், மனிதருக்கு வந்தால் வந்து வந்து போகும் காய்ச்சல். இப்போது பூமிநாதன் மாத்திரையில் எழுந்து நடமாடுகிறார். பொட்டலத்தை இறக்கிச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்தோம். இதைத்தான் பெரியப்பா நான் படிக்கிறேன். இதைத்தான் நிறுத்தச் சொல்கிறீர்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, இன்னும் எதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை என்று பார்க்க உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். முதல் தடவை காய்ச்சலை வசவாகத்தான் படித்திருந்தேன். இப்போது காய்ச்சலாகப் படித்தேன். சாயங்காலமானால் காய்கிறது, விடிந்தால் வேர்த்துக் கொட்டுகிறது, இடுப்பு கழன்று விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த பக்கத்தில், "ராணி இந்தத் தடவையும் செத்த குட்டியாப் போட்டுருச்சு. ஒன் பெரியம்மா கிட்ட வர மாட்டேன்னுட்டா, நானே கையவிட்டு எடுத்து ஊருணிக்கரை மரத்துல கட்டுனேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் கீழே, கறந்த சூட்டோடு காய்ச்சாமல் குடித்தால்தான் ஆட்டுப்பாலில் சத்து என்று எனக்கே புத்தி வேறு சொல்லியிருக்கிறீர்கள்.

என்ன பெரியப்பா இது! வெறுங்கையாலயா எடுத்தீக? கையைச் சோப்புப் போட்டாவது கழுவுனீகளா? மூணையும் ஒரே கடுதாசியில எழுதி, பழியை மட்டும் எம்மேல போட்டிருக்கீகளே! காய்ச்சல் வந்தது என் படிப்பால இல்ல, ராணியால. என்னைய வீட்டுக்குக் கூப்பிட்டா இறங்குற காய்ச்சல் இல்ல இது. நான் வந்து பூந்தி சாப்பிட்டுக்கிட்டு மாப்பிள்ளை முன்னாடி உட்கார்ந்திருந்தா உங்க ரத்தத்துல இருக்குற கிருமி எந்திரிச்சுப் போயிருமா?

கோபம் தணிந்து மீண்டும் ஒழுங்காக எழுதுகிறேன். இரத்தம் சோதிக்காமல் அதுதான் என்று சொல்வது படித்தவளுக்கு அழகல்ல. ஆனால் இன்றைக்கே பாலைப் பொங்கக் காய்ச்சச் சொல்லுங்கள். ராணியைத் தனியே கட்டுங்கள், யாருக்கும் விற்றுவிட வேண்டாம். மரத்தில் கட்டியதை நீங்கள் தொட வேண்டாம், அதன் பக்கம் யாரையும் விட வேண்டாம். படிப்பை நான் விட மாட்டேன். இதுவரை பிடித்துப் படித்தேன், இனி உங்களுக்காகவும் படிப்பேன். இதில் பேச்சுக்கு இடமில்லை.

உங்களுக்கு உடம்பில் சுகமும், பெரியம்மாவுக்கு உங்களைச் சகிக்கும் பலமும் ஆண்டவர் தரட்டும். ஞாயிறு பூசையில் என் பிடிவாதம் குறைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாதீர்கள், அது உங்களுக்குத் தேவைப்படும்.

உங்கள் சொல் கேளாத மகள்,
பெல்சி

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு ஒன்று உறைத்ததால் பிரித்து எழுதுகிறேன். வந்தவர்களுக்கு நம் வீட்டில் காப்பி கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. "ராணி பால நொரையோட ஆளுக்கு ஒரு டம்ளர் குடுத்தேன், அருண் ரெண்டாவதும் கேட்டு வாங்கிக் குடிச்சாரு, நல்ல பிள்ளை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே வர மாட்டேன் என்று மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கூடப் பாண்டிமுருகனும் மாரீஸ்வரியும் வருகிறார்கள், மாரீஸ்வரியை ஊருணிப் பக்கம் தனியே விட வேண்டாம். மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டேன் என்றதையும் அடித்துவிடுங்கள். அவசியம் பார்க்க வேண்டும். இரத்தம் எடுக்க வசதியாக அப்பாவும் மகனும் அரைக்கைச் சட்டையில் வரட்டும். நீங்கள், அவர்கள், ராணி எல்லோரும் ஒரே வரிசையில் இருந்தால் நல்லது. பொண்ணு மனுசருக்கா மாட்டுக்கா என்று கேட்டாரே, அவரை மட்டும் ராணிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.