மெட்ரோலாக் மாமாவின் மூளைக்கோல்

மனித மூளையை அளக்க இந்த உலகத்தில் நம்பகமான கருவி ஒன்றே ஒன்றுதான். இலங்கையில் கஹவத்தைப் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டத்தில் ரப்பர் பாலை அளந்து வாங்கும் பால் ஸ்டோரில் இருக்கிறது. வயது ஐம்பத்தாறு. வெற்றிலை போடும்.

பெயர் மெட்ரோலாக் மாமா. மெட்ரோலாக் என்பது ரப்பர் பாலில் மிதக்கவிடும் கண்ணாடிக் கோல். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று காட்டிக்கொடுத்துவிடும். வாளியில் ஒரு குவளை பைப் தண்ணீர் சேர்த்தவர்கள் அந்தக் கோலைவிட, அதைப் பிடித்திருக்கும் ஆளுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். பாலை அளந்த கையோடு, கொண்டுவந்தவரையும் அளந்துவிடுவார்.

வரிசையில் நிற்பவர்களிடம் கேள்வி போடுவார். இன்றைக்குக் கணக்கு, நாளைக்கு அதே ஆளிடம் விடுகதை, மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு கோயிலிலிருந்து பங்களாவுக்கு வழி சொல்லவேண்டும். இப்படிப் பதினெட்டு வருடம். எல்லாம் ஒரு தடித்த கொப்பியில், பெயர்வாரியாக. கடைசியில் ஒருநாள் எனக்கு ரகசியம் சொன்னார்.

"ஒண்ணுல தேறுறவன் பெரும்பாலும் மத்ததுலயும் தேறுறான். வேல வேற வேறயா இருந்தாலும் உள்ளுக்குள்ள ஓடுற ரப்பர் ஒண்ணுதான்."

பொது நுண்ணறிவு என்று இதைத்தான் கெம்பஸில் எனக்கு ஒரு முழு செமஸ்டர் படிப்பித்தார்கள். இந்த மனுஷன் ஒரு புத்தகமும் இல்லாமல் வாளி வரிசையிலேயே பிடித்திருக்கிறார். எனக்குப் புல்லரித்துவிட்டது. உளவியல் பட்டத்தோடு வந்திறங்கிய என்னையும் அளந்தார். சாதாரண ஆளுக்கு நூறு என்பது அவர் கணக்கு. எனக்குத் தொண்ணூற்றிரண்டு.

"படிப்பு நெறைய இருக்கு மருமகளே. அதுல கொஞ்சம் தண்ணி."

அந்த வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நுண்ணறிவுச் சோதனை வைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. வினாத்தாள் சிங்களத்தில். நான் வாயால் தமிழில் கேட்டு, விடைப் புத்தகத்தைப் பார்த்துப் புள்ளி போடவேண்டும். பால்வெட்டும் புஷ்பம் அக்காவின் மகள் கவிதா, நாலாம் வகுப்பு, வாங்கியது அறுபத்தெட்டு. எழுபதுக்குக் கீழே என்றால் டவுனில், படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கான விசேட வகுப்பு. அங்கே போன பிள்ளை பழைய வகுப்புக்குத் திரும்புவது கஷ்டம். புஷ்பம் அக்கா அழவில்லை. என்னோடு சண்டைக்கும் வரவில்லை. தாளை நாலாக மடித்து, நேரே பால் ஸ்டோருக்குப் போனார்.

கடைசி வாளி ஊற்றியதும் மாமா எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு கேள்வியையும், பிள்ளை சொன்ன பதிலையும் வாசிக்கச் சொன்னார். எட்டுக் கேள்விவரை வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார். ஒன்பதாவது, மழை வருகிற மாதிரி இருந்தால் என்ன செய்வாய்.

"புள்ள என்ன சொன்னிச்சு?"

"செரட்டைய கவுத்துவேன்னு."

"எத்தன போட்ட?"

"சைபர். கொட எடுப்பேன்னுதான் புத்தகத்துல இருக்கு."

சொல்லும்போதே என் காது சூடாகிவிட்டது. மழை இருட்டினால் மரத்தில் மாட்டிய பால் சிரட்டையைக் கவிழ்ப்பது எங்கள் தோட்டத்தில் தவழும் குழந்தைக்கும் தெரியும். என் அம்மா அப்படிக் கவிழ்த்துக் கவிழ்த்துத்தான் என்னைக் கெம்பஸுக்கு அனுப்பினார். அந்தத் தாளில் இதே மாதிரி இன்னும் ஐந்து சைபர் இருந்தது.

மாமா கோபப்படவில்லை. வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு வந்தார்.

"மழத்தண்ணி உழுந்த பாலுல கோல உட்டுட்டு, மரத்துல ரப்பர் இல்லைன்னு எழுதியிருக்க மருமகளே."

மறுநாளே மேலதிகாரிகளுக்கு என் பிழையை எழுதிக்கொடுத்து, திரும்பச் சோதிக்கச் சொன்னேன். எனக்கு ஏச்சுத் தாராளமாகக் கிடைத்தது. தமிழ்த் தாளோடு வேறொரு அதிகாரி வந்தார். கவிதா எடுத்தது நூற்றிநாலு. அவள் தன் வகுப்பிலேயே இருந்தாள். புஷ்பம் அக்கா ஸ்டோரில் எல்லோருக்கும் பிளேன்டித் தேநீர் ஊற்றினார்.

மாமா மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொப்பியை விரித்துக் காட்டினார். அம்மாவோடு வரிசையில் வந்து நிற்கும் கவிதாவின் பெயருக்கு எதிரே, சோதனைக்கு முன்பே எழுதியிருந்தது: நூற்றியைந்து.

"ஒரு புள்ளி பிசகிட்டேன்."

அவ்வளவு வருத்தத்திலும், அதே பக்கத்தில் என் பெயருக்கு எதிரே இருந்த தொண்ணூற்றிரண்டை அடித்துவிட்டுப் புதிதாக என்னவோ எழுதினார். கையால் மறைத்துக்கொண்டார். கேட்டேன், சொல்லவில்லை.

இப்போதெல்லாம் ஊருக்குப் போனால் முதலில் பால் ஸ்டோருக்குத்தான் போகிறேன். வாளி இல்லாமல், வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறேன், அவர் ஏதாவது கேட்கட்டும் என்று.