காலி வண்டியில் எடுத்த அளவு

தன்னம்பிக்கை விஷயத்தில் எனக்கு என்றைக்குமே குறைச்சல் இருந்ததில்லை. உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில், நடுரோட்டில், பட்டுப்புடவையும் கல்யாண மாலைகளுமாக நின்ற அந்தக் காலையில்கூட அது குறையவில்லை. அதுதான் பிரச்சினையே என்பார் என் கணவர் நாகராஜ். அவர் கிடக்கட்டும். நடந்ததை நான் சொல்கிறேன், நியாயத்தை நீங்கள் சொல்லுங்கள்.

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. மெஷினிலிருந்து வருகிற பாகத்தை அளந்து பார்த்து, முடியளவு கூடினாலும் குறைந்தாலும் சிவப்புச் சீட்டைக் கட்டி ஓரமாக ஒதுக்கிவிடுவேன். அங்கே எனக்கு ‘ரிஜெக்ட் மேடம்’ என்று பெயர். (நேரில் கவிதா மேடம்தான். இது முதுகுக்குப் பின்னால். ஆனால் என் காது ரொம்பக் கூர்மை.) மற்ற பெண்கள் கைப்பையில் பவுடர் வைத்திருக்கும் இடத்தில் நான் அளக்கிற டேப் வைத்திருப்பேன். கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போன முதல் வாரமே, கதவு நிலையோடு சரியாகப் பொருந்தவில்லை என்று அளந்து காட்டித் தச்சரை வரவழைத்தவள் நான். (அந்தக் கதவு இப்போது அருமையாகச் சாத்துகிறது. இதுவரை யாரும் நன்றி சொல்லவில்லை.)

இப்படிப்பட்டவள் கார் வாங்கப் போனால் எப்படியிருக்கும்?

ஷோரூமில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் கரண்டில் ஓடுபவை, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஒன்று போன வருடத்து மாடல், ஆனால் அந்தக் கம்பெனியின் உச்ச ரகம். முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார், கருஞ்சிவப்பு நிறம், தரையோடு பம்மி உட்கார்ந்த உடம்பு. வந்தவர்களுக்கு ஓட்டிக் காட்ட வைத்திருந்த வண்டி என்பதாலும், புது மாடல் வந்துவிட்டதாலும் பெரிய தள்ளுபடி. மற்றது இந்த வருடம் வந்தது, ஆனால் அடிமட்ட ரகம். ஒரே மோட்டார், வெள்ளை நிறம், துணி சீட்டு. பார்ப்பதற்குத் தாலுகா ஆபீஸ் பீரோ மாதிரி இருந்தது.

நாகராஜ் நேராக பீரோவிடம் போனார். தளியில் அவர்களுக்குப் பூத்தோட்டம். உலகத்தில் எந்த வண்டியைப் பார்த்தாலும் அவர் முதலில் டிக்கியைத்தான் திறப்பார்.

“இதுல ஆறு கூடை சாமந்தி வைக்கலாம், கவிதா.”

“நாம கார் வாங்க வந்திருக்கோமுங்க, டெம்போ வாங்க வரல. அங்க பாருங்க, ஒரு மோட்டார் விலைக்கு ரெண்டு மோட்டார்.”

“ரெண்டு மோட்டாரு என்னாத்துக்கு? இருக்கிறது ஒரு ரோடு. அதுவும் ஊருக்கு ஊரு மேடு போட்டு வெச்சிருக்கான். இது கீழ இடிக்கும் பாரு.”

இடிக்குமா இடிக்காதா என்பதை வாயால் பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. டேப்பை எடுத்தேன். பளபளவென்று துடைத்து வைத்திருந்த ஷோரூம் தரையில் சுடிதாரோடு படுத்தேன். காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை முன்னால், நடுவில், பின்னால் என்று அளந்தேன். வண்டியைக் காட்டிக்கொண்டிருந்த தம்பி பதறிப்போனார்.

“மேடம், மேடம், புக்லயே போட்டிருக்கு மேடம்.”

“புக்கு நீங்க எழுதினது தம்பி. டேப்பு என்னோடது.”

அத்தோடு விட்டேனா? மறுநாள் உத்தனப்பள்ளிக்கு முன்னால் இருக்கும் வேகத்தடைக்கே நேரில் போனேன். அந்தச் சாலையில் அதைவிட உயரமான மேடு கிடையாது. ஊர்க்காரர்களே சேர்ந்து போட்டது என்பதால் கோபம் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு உயரம். நான் குனிந்து அளப்பதைப் பார்த்து, தக்காளித் தோட்டத்திலிருந்து ஒருவர் ஏறி வந்தார்.

“பஞ்சாயத்துலேருந்து வர்றீங்களாம்மா? ரோடு போடப் போறீங்களா?”

“இல்லீங்க. கார் வாங்கப் போறோம்.”

அவர் என்னையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார்.

கணக்குப்படி மேட்டுக்கும் காருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி மிச்சம். எங்கள் தொழிலில் இரண்டு விரல் என்பது சமுத்திரம். அன்று சாயந்திரமே ஷோரூமுக்குப் போய், சிவப்பு வண்டிதான் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தம்பிக்குப் பழைய வண்டி தள்ளுகிற சந்தோஷம். “வீட்ல விசேஷம்னு சொன்னீங்களே மேடம், ரெண்டு நாள் எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க, திங்கக்கிழமை புக் பண்ணிக்கலாம்” என்று சாவியையே கொடுத்துவிட்டார்.

விசேஷம் என் தம்பி சதீஷின் கல்யாணம். ராயக்கோட்டையில் மண்டபம். எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் பெண்ணுக்குப் பின்னால் நின்று மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போட வேண்டும். சதீஷுக்கு நான் ஒரே அக்கா. அவன் பிறந்தபோது நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் தூக்கித் திரிந்த பயல். “என் கல்யாணத்துல நீதான்க்கா முடிச்சு போடணும், வேற யாரும் தொடக் கூடாது” என்று அரைக்கால் சட்டை போட்ட காலத்திலேயே சொல்லி வைத்தவன். அந்த முடிச்சுக்காக நான் எத்தனை ஆசையாகக் காத்திருந்தேன் என்று எழுதினால் அழுகை வந்துவிடும். அதனால் எழுதவில்லை.

முந்தின நாள் வரவேற்பு முடிந்ததும் நான் ஓசூருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கல்யாண மாலை எங்கள் தோட்டத்துப் பூவில்தான் இருக்க வேண்டும் என்று நானே அடம்பிடித்திருந்தேன். தளியில் கட்டி, விடிகாலை முதல் பஸ்ஸில் என் மாமியாரும் அவருடைய தங்கைகள் இருவரும் கொண்டுவந்தார்கள். அவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு காலையில் மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு.

வண்டியில் ஏறினோம். நான் ஓட்ட, பக்கத்தில் நாகராஜ், அவர் மடியில் குத்துவிளக்கு. பின்னால் மாமியாரும் தங்கைகளும், அவர்கள் மடியில் சீர்த்தட்டுகள். காலடியில் இரண்டு வாழைத்தார். டிக்கியில் மாலைக்கூடை, அதற்குப் பக்கத்தில் ஒரு மூட்டை தேங்காய். (ராயக்கோட்டையில் தேங்காய் கிடைக்காதா என்று கேட்காதீர்கள். என் மாமியாரிடம் கேளுங்கள்.)

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த வண்டி ஓடிய ஓட்டம் ஓட்டம்தான். காலை லேசாக வைத்தால் போதும், சத்தமே இல்லாமல் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து சின்ன அத்தை கன்னடத்தில் எல்லாத் தெய்வங்களையும் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தூரத்தில் அந்த மேடு தெரிந்ததும் நானே அறிவிப்பு கொடுத்தேன்.

“இப்ப பாருங்க. இடிக்கும் இடிக்கும்னு சொன்னீங்களே. ரெண்டு விரல் கேப்.”

முன்சக்கரம் ஏறியது. இறங்கியது. அதற்கப்புறம் காரின் வயிற்றுக்கு அடியிலிருந்து, கல்லை வைத்து எண்ணெய்ச்சட்டியைத் தேய்த்த மாதிரி ஒரு சத்தம். வண்டி மேட்டின்மேல் சுகமாகப் படுத்துக்கொண்டது. உச்ச ரகம் அல்லவா, உடனே அதற்கு எச்சரிக்கை உணர்வு வந்துவிட்டது. ‘அடிப்பாகத்தில் மோதல். வண்டியை இயக்க வேண்டாம்’ என்று திரையில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டிவிட்டு இரண்டு மோட்டாரையும் அணைத்துக்கொண்டது.

“ஏனாய்த்து?” என்றார் மாமியார். என்ன ஆயிற்று என்று கேட்கிறார். நான் ஸ்டார்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் இறங்கினார்கள். தட்டுகள் இறங்கின, விளக்கு இறங்கியது, தார்கள் இறங்கின, தேங்காய் மூட்டையை நாகராஜ் முனகிக்கொண்டே இறக்கினார். ஒவ்வொன்று இறங்கும்போதும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. கடைசியில் குனிந்து பார்த்தேன். காருக்கும் மேட்டுக்கும் நடுவே கச்சிதமாக இரண்டு விரல்.

அப்போதுதான் உறைத்தது. ஷோரூமில் நான் அளந்தது காலி வண்டி. எங்கள் ஊரில் எந்தக் கார் காலியாகப் போயிருக்கிறது?

“பாத்தீங்களா? என் அளவு சரியாத்தான் இருக்கு” என்றேன்.

“உன் டேப்புமேல ஒரு குத்தமும் இல்ல, கவிதா” என்றார் நாகராஜ். “நாங்கதான் ஏறியிருக்கக் கூடாது.”

தக்காளித் தோட்டத்திலிருந்து அதே மனிதர் ஏறி வந்தார். “நீங்க அன்னிக்கு அளந்தவங்கதானே?” என்றார். நான் மாலைக்கூடையைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.

என்ன செய்தும் வண்டி கிளம்பவில்லை. தள்ளலாமென்றால் சக்கரமே பூட்டிக்கொண்டிருந்தது. போகிற வண்டிகளெல்லாம் ஓசூர் பக்கமே போயின. சதீஷ் போன் செய்தான்.

“அக்கா, எங்க இருக்க? ஐயரு உக்கார வெச்சிட்டாரு.”

“உத்தனப்பள்ளிகிட்ட வந்துட்டேன்டா. தோ வந்துடறேன்.”

“முகூர்த்தம் முடியப் போவுதுன்றாரு. வேற யாராவது முடிச்சு போடட்டும்னு பெரியப்பா சொல்றாரு. நீ வராம நான் கட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். சீக்கிரம் வாக்கா.”

போனை வைத்தேன். என் பெருமைக்காக என் தம்பியின் முகூர்த்தமே தவறப்போகிறதே என்று நினைத்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த டேப்பைத் தூக்கித் தக்காளித் தோட்டத்தில் வீசிவிடலாமா என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து ஓசூர் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. எங்கள் கம்பெனி பஸ். இரவு ஷிப்ட் முடித்தவர்களை ஊர் ஊராக இறக்கிவிட்டுக்கொண்டே ராயக்கோட்டைவரை போகிற வண்டி. நான் கை காட்டும் முன்பே நின்றது. படியில் பசவராஜ். மெஷின் ஆபரேட்டர். போன வாரம்தான் அவர் ஓட்டிய ஒரு தட்டுப் பாகங்களை மொத்தமாக ரிஜெக்ட் செய்திருந்தேன்.

“என்னா மேடம், இங்க நிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல பசவராஜ். சின்ன அளவுப் பிரச்சினை.”

அவர் இறங்கி, மேட்டையும் காரையும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் அவ்வளவு மரியாதை.

“சிவப்புச் சீட்டு கட்டிடலாமா மேடம்?”

பஸ்ஸே அதிர்ந்தது. எத்தனை வருடத்துச் சிரிப்போ, பாவம், மொத்தமாக வந்தது. ஆனால் சிரித்துக்கொண்டேதான் தட்டுகளை ஜன்னல் வழியாக வாங்கினார்கள். மாமியாருக்கும் தங்கைகளுக்கும் முன் சீட்டைக் காலி செய்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் டிரைவர் தயங்கினார். “வழியில எறங்கறவங்க இருக்காங்களே மேடம், ஒவ்வொரு ஸ்டாப்லயும் நிக்கணுமே” என்றார். பசவராஜ் பின்பக்கம் திரும்பி, “யாரும் எறங்க வேணாம்பா. மேடம் தம்பி தாலியக் கையில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. நேரா மண்டபம்” என்றார்.

ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. ராத்திரி முழுக்க நின்று வேலை செய்து கண் சிவந்தவர்கள், தங்கள் ஊர் ஜன்னலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. இவர்கள் செய்கிற எதையும் இனி ரிஜெக்ட் செய்யவே கூடாது என்று முடிவெடுத்தேன். (திங்கட்கிழமை இரண்டு தட்டு ரிஜெக்ட் செய்தேன். அளவு தப்பாக இருந்தால் நான் என்ன செய்வது?)

நாகராஜ் மட்டும், ஷோரூமிலிருந்து ஆள் வந்து எடுத்துப்போகும்வரை வண்டிக்குக் காவலாக, தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். கல்யாணச் சாப்பாடு தவறிப்போனதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

மண்டபத்துக்குள் நாங்கள் நுழைந்ததைப் பார்த்துப் பெண் வீட்டார் ஏதோ ஸ்டிரைக் என்றே நினைத்தார்களாம். சாம்பல் கலர் யூனிபார்மில் ஒரு கூட்டம், தலைக்குமேல் சீர்த்தட்டு, தோளில் வாழைத்தார், பசவராஜ் கையில் இரண்டு மாலை, நடுவில் நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டம். மேடையில் சதீஷ் என்னைப் பார்த்தான். அந்தப் பயல் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மாலை மாற்றியதும் கெட்டிமேளம் கொட்டியது. அவன் முதல் முடிச்சைப் போட்டான். நான் குனிந்து இரண்டாவதைப் போட்டேன். மூன்றாவதையும் போட்டேன்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. ஒரு தடவை ஏமாந்தாயிற்று, இனி எதையும் சும்மா பார்த்து பாஸ் செய்யக் கூடாது என்று மனசு முழுக்க ஓடிக்கொண்டிருந்ததில், போட்ட முடிச்சு தாங்குமா என்று பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டேன். மணப்பெண் ரம்யா “அய்யோ!” என்று பின்னால் சாய்ந்தாள்.

“அம்மா, அம்மா! பொண்ணு கழுத்தும்மா” என்றார் ஐயர் மைக்கிலேயே.

மறுவாரம் ஷோரூமுக்கு நாங்கள் ஐந்து பேரும் போனோம், தேங்காய் மூட்டையோடு. வெள்ளைக் காரில் எல்லோரையும் ஏற்றி, மூட்டையையும் வைத்து, நான் மறுபடி தரையில் படுத்து அளந்தேன். அந்தத் தம்பி இந்தமுறை டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக் கார் தாராளமாகத் தேறியது, அதையே வாங்கினோம். தான் சொன்ன கார்தானே வந்தது என்று நாகராஜ் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார். அவர் பார்த்தது கூடை. முறையாகச் சோதித்துத் தேர்ந்தெடுத்தவள் நான்.

சதீஷும் ரம்யாவும் இப்போது ஓசூரிலேயே இருக்கிறார்கள். அவள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்து, உங்களுடையது காதல் கல்யாணமா, பெரியவர்கள் பார்த்து வைத்ததா என்று கேட்டாலும், கழுத்தைத் தடவிக்கொண்டே என்னைக் கை காட்டுவாள்.

“பாத்து வெச்சது மட்டும் இல்லீங்க. அண்ணி இழுத்துப் பாத்து பாஸ் பண்ணது.”