பாளையங்கோட்டையிலிருந்து தைரியம்

தைரியம் சொல்பவர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். காய்ச்சல்காரன் கட்டிலருகே நின்று "ஒண்ணுமில்லவே" என்பார், கப்பலேறுகிறவனிடம் "கடல் என்ன செய்யும்?" என்பார், தாம் மட்டும் வாய்க்காலைக்கூடப் பாலத்தின் மேல்தான் கடப்பார்.

பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபையொன்றில் கமிட்டிக் காரியதரிசியாயிருந்த நேசையா இந்த இனத்தின் திலகம். 1917-ல் நம் ஜில்லாக் கூலியாட்களைச் சர்க்கார் யுத்த வேலைக்காகப் பஸ்ராவுக்கு அனுப்பியபோது, அவர்களுக்குப் போதகராகச் சத்தியநேசன் ஐயர் போகட்டும் என்று முதலில் கைதூக்கியவர் இவரே.

ஐயர் அங்கிருந்து எழுதினார்: "கூடாரம் கிடையாது. மருந்து மூட்டைகளுக்கு நடுவே படுக்கிறேன். காலையில் ஆஸ்பத்திரி, மாலையில் அடக்கம், இடையில் எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம். வெள்ளைக்காரப் பாதிரியாருக்குக் குதிரை உண்டு, எனக்கு நடை. பூட்ஸின் அடி போய்விட்டது. ஒரு ஜோடி அனுப்பினால் உபகாரம்."

நேசையா அனுப்பினார். பூட்ஸை அல்ல, பொறுமையைப் பற்றி நான்கு தாள்.

அடுத்த கடிதம் வந்தது. காலில் புண், சவப்பெட்டிக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு போகிறாராம். அதைக் கமிட்டிக்கு எடுத்துவந்தவர் ஐயரின் மனைவி சாரம்மாள்.

"கலங்காதீங்க ஐயரம்மா. கர்த்தர் நடத்துதாரு" என்றார் நேசையா.

"நடத்துதாரு அண்ணாச்சி. வெறுங்காலோட நடக்கது அவுகல்லா?"

"தைரியமா இருக்கச் சொல்லி எழுதுங்க."

சாரம்மாள் கடிதத்தை மடித்துக்கொண்டார். வெளியே வந்தார். வாசலில் நேசையாவின் புதுப் பூட்ஸ் பளபளத்தது. எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு நேரே தபாலாபீசுக்கு நடந்தார்.

சித்திரை வெயிலில் நேசையா வீடு போய்ச் சேர்ந்ததை ஊரே பார்த்தது. பத்தடிக்கு ஒரு மரநிழல், நிழலுக்கு நிழல் ஓட்டம். அன்று அவருக்கு ஒருவரும் தைரியம் சொல்லவில்லை.

தபாலாபீஸ் வழியே விஷயம் தெரிந்ததும் சாரம்மாளைக் கண்டித்தாரா? அவ்வளவு மட்டமானவரா அவர்? அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து, யுத்தகளத்திலுள்ள நம் போதகருக்குத் தம் சொந்தப் பூட்ஸைக் காணிக்கையாக அனுப்பியதாகச் சபைக்கு அறிவித்தார். சபைப் பத்திரிகையிலும் வந்தது. சாரம்மாள் தலைகுனிந்து சிரிப்பை அடக்கினார்.

ஆடியில் ஐயர் கடிதம்: "பூட்ஸ் ஒரு விரல் பெரிது. துணி திணித்துப் போட்டிருக்கிறேன். புண் ஆறிவிட்டது. நேற்று வள்ளியூர்ப் பையன்கள் மூவரை அடக்கம் செய்தேன்."

நேசையா அதைச் சபையில் வாசித்தார். கடைசி வரியை விட்டுவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம், ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் தோளைத் தட்டி "எல்லாம் சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு, அவசர வேலை இருப்பதுபோல விறுவிறுவென்று நடந்தீர்களே, அது எந்த வேலை?