கிரேன் நைனாவும் என் சமுத்திர ரீலும்

தூண்டில் ரீலின் பெட்டியைப் பார்த்தே மனித குலத்தைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் எங்கள் ராயபுரத்தில் இருந்தார். பெயர் தெரியாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆகையால் கிரேன் நைனா. காசிமேடு பக்கம் கடலுக்குள் நீளும் கருங்கல் வளைவில் ஞாயிறு காலைகளில் தூண்டில் போடும் எங்கள் கூட்டத்தில் அவர் மட்டும் தூண்டிலைத் தொடமாட்டார். "ஆயுசு பூரா தூக்கினது போதாதா?" என்பார். ரீல் சுற்றும் வேகத்தைச் சொல்ல பெட்டி மேல் போட்டிருக்கும் PG, HG, XG எழுத்துகளை வாசிப்பதோடு சரி.

"பீஜின்னா நம்ம ஹார்பர் கிரேனு மாமு. மெதுவாத்தான் சுத்தும், கப்பலே மாட்னாலும் இஸ்துகினு வரும். எக்ஸ்ஜி ஒரே சுத்துல ஒரு வண்டி நூலை வாரும், வெயிட்டு வந்தா மூச்சு வாங்கும். எச்ஜி அதுக்குத் தம்பி."

அதோடு விட்டாரா? மனிதர்களுக்கும் எழுத்து போட்டார். என் மேனேஜர் எக்ஸ்ஜி. என் மனைவி பீஜி. அது பாராட்டுத்தான் என்று வீட்டில் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன். திருவொற்றியூரில் ஒரு கல்யாணத்தில், "மாப்ள எச்ஜி, பொண்ணு பீஜி. ஜோடி ஷோக்கா கீது!" என்று மேடையேறி ஆசீர்வதித்தார். பெண்ணின் அப்பா தூத்துக்குடிப் பக்கத்து மளிகை வியாபாரி. என்னை ஓரங்கட்டி, "அண்ணாச்சி, எச்ஜிங்கது எம்.காமுக்கு மேலயா, கீழயா?" என்றார்.

எனக்கு மட்டும் எழுத்து கிடைக்கவில்லை. "உன்னிய இன்னும் பாத்துகினு கீறேன்."

இப்பேர்ப்பட்டவரைக் கேட்காமல் பாரிமுனைக்குப் போய் நானாகவே ஒரு ரீல் வாங்கினேன். காரணம் என் மச்சான், அண்ணா நகர்வாசி. "இத்தனை வருஷத்துல ஒரு மீனாவது பிடிச்சிருக்கீங்களா மாமா?" என்று என் மனைவி முன்னாலேயே கேட்டுவிட்டான். ஞாயிறு மதியம் சாப்பிட வா, நான் பிடித்த மீன்தான் குழம்பு என்று சவால் விட்டேன். பெட்டியில் 2500SHG என்று இருந்தது. எஸ் என்றால் சமுத்திரம், எச் என்றால் ஹெவி, ஜி என்றால் கியாரண்டி. நானும் நாலு புத்தகம் படித்தவன்தானே.

ஞாயிறு காலை, சவாலைச் சொல்லி நான் நீட்டிய பெட்டியை நைனா பார்த்தார். எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் போல உதட்டைப் பிதுக்கினார்.

"எஸ்ஸுன்னா நூலு சுத்துற ஸ்பூலு ஆயம் கம்மி மாமு. நூலு கொஞ்சூண்டுதான் புடிக்கும். ஏரில போடு, கடலுக்கு ஆவாது. அப்டியே உன்னிய மாரி கீது."

அன்றைக்கென்று ஒரு பெரிய கொடுவா மீன் மாட்டியது. நூல் பறந்தது. ஸ்பூலின் அடித்தகடு என் முன்மண்டை போலப் பளபளத்தது.

"நூலு பத்தலன்னா இன்னா? நாம போவோம் வா!" என்று நைனா என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு மீன் போன திசையிலேயே கல்லுக்குக் கல் தாவினார். "ஒத்திக்கோ! ஒத்திக்கோ! எஸ்ஸு வருது!"

கருங்கல் முடிந்தது. கடல் முடியவில்லை. நூல் அறுந்தது.

ஈரப் பேன்ட்டும் வெறுங்கையுமாக வீட்டுக்குப் போனேன். அடுப்பில் குழம்பு கொதிக்க, மச்சான் இலை முன்னால் தயாராக இருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் நைனா, கையில் ஒரு கொடுவாவுடன்.

"இன்னா மாமு, புட்ச்ச மீனைக் கல்லு மேலயே வுட்டுட்டு வந்துட்ட?"

மச்சான் மீனைப் புரட்டினான். செவுளுக்குள் ஐஸ் கட்டி.

"ஏன் மாமா, காசிமேட்டுக் கடல்ல ஐஸ் மிதக்குதா?"

நைனா அசரவில்லை. எஸ்ஸை மட்டும் விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"ரீலு எச்ஜி சார். அந்த ஸ்பீடுல இஸ்தா எந்த மீனும் சில்லுனு ஆய்டும்."

மச்சான் மரியாதையாக ரீலைத் தொட்டுப் பார்த்தான். என் மனைவி சிரிப்பை மென்றுகொண்டே மீனை வாங்கி உள்ளே போனாள்.

நைனா இப்போது இல்லை. நூல் பற்றாத அந்த ரீலோடுதான் ஞாயிறுகளில் போய் உட்காருகிறேன். எழுத்துக்கு எழுத்து உண்மை சொன்ன மனிதர், ரீல் விஷயத்தில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அது எனக்காக.