பிணத்துக்கு வசனம் இல்லை

நம் கண்ணாடிக்காரர் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதையாவது ஒழுங்காகச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சாது. "என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லவே வராது" என்று அவர் மனைவி இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மனிதர் கையில் இருந்த ஒரே நற்சான்றிதழ் அதுதான்.

மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் விசாரணை கவுன்ட்டரில் வேலை. "யாரு? எந்த வார்டு? என்ன உறவு?" இந்த மூன்று கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு ஈ உள்ளே போக முடியாது. அந்தப் பழக்கம் வீட்டிலும் உண்டு. கண்ணாடிக்காரர் கடை சாத்திவிட்டு வந்து கதவைத் தட்டினால்கூட "யாரு? என்ன வேணும்?" என்றுதான் கேட்பாள். அவரும் கர்ம சிரத்தையாக விளக்கம் சொல்லிவிட்டு உள்ளே போவார்.

அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு பைத்தியம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில் வரும் கொலைத் தொடர். ஒரு பல் டாக்டரம்மா துப்பறிவார். வாரத்துக்கு ஒரு கொலை, வயிறு குலுங்கச் சிரிப்பு. சந்தேகப்படுகிறவனை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கவைத்து, அதற்கப்புறம்தான் கேள்வியே கேட்பார். அவன் "ஆ... ஆ..." என்று உளறுவதிலேயே குட்டு உடைந்துவிடும். யார் கொலைகாரன் என்று மனைவி பத்தே நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். கண்ணாடிக்காரர் கை காட்டிய ஆள் மட்டும் எல்லா வாரமும் நிரபராதி.

ஒருநாள் அந்தத் தொடரின் உதவி டைரக்டர், டாக்டரம்மாவுக்குக் கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தான். வந்தவன் ஃபிரேமைப் பார்க்காமல் இவர் முகத்தையே பார்த்தான்.

"சார், கொஞ்சம் கண்ணை மூடுங்க."

மூடினார்.

"அடடா! அப்படியே செத்த மாதிரியே இருக்கு சார்! பிணமா நடிக்கறீங்களா?"

வேறு யாராக இருந்தாலும் செவிட்டில் ஒன்று விட்டிருப்பார்கள். இவருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்து நெஞ்சுக்குள் பூட்டி வைத்த ஆசை அல்லவா? டிவியில் ஒரே ஒரு தடவை முகம் தெரிய வேண்டும். உயிரோடு தெரிந்தால் என்ன, உயிரில்லாமல் தெரிந்தால் என்ன? அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கும் தெரியவில்லைதான்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், படப்பிடிப்பு ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிற்றுக்கிழமைதான் மச்சான் வீடு மாறுகிறான். மூன்றாவது மாடியிலிருந்து இரும்பு பீரோவை இறக்க "நான் இருக்கேன் மாப்ளே" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருந்தார். இப்போது போய், "பீரோ கிடக்கட்டும், நான் பிணமா படுக்கப் போறேன்" என்று பெண்டாட்டியின் தம்பியிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னால் குடும்பமே சிரிக்காதா?

அதனால்தான் அந்தப் பொய். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மனைவி தைலம் தேய்த்தாள் பாருங்கள், தோல் உரிகிற மாதிரி! ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. கண்ணில் தண்ணீர் வந்தும் மனிதர் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வீட்டுக்குக் கிளம்பும்போது, "பாவம், அசையாம படுத்தே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பேச்சை அவர் மீறவில்லை. அன்றைக்குப் பூராவும் அசையாமல்தான் படுத்திருந்தார். இடம்தான் வேறு.

ஒரு மாதம் கழித்து, "இந்தச் சனிக்கிழமை மாடிப்படிக் கொலை!" என்று அவர் பிணமாகக் கிடந்த கதைக்கு டிவியில் முன்னோட்டம் போட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. ஊரே பார்க்கப்போகிற தொடரை வீட்டுக்காரியும் பார்ப்பாளே! இருபத்திரண்டு வருஷ நற்சான்றிதழ் போச்சே!

"சனிக்கிழமை சாயங்காலம் நாம ரெண்டு பேரும் பார்க்குக்குப் போலாமா?"

"நீங்களா? என்னையா? ஏங்க, டாக்டர் ஏதாவது நாள் குறிச்சிட்டாரா?"

"சும்மாதான்..."

"அதெல்லாம் முடியாது. தம்பியையும் எதிர்வீட்டு அக்காவையும் டிவி பார்க்க வரச் சொல்லியிருக்கேன்."

சனிக்கிழமை நாலு மணிக்கே ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மனைவி சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி ரிமோட்டில் போட்டாள். கடிகாரம் நின்றது. தொடர் ஆரம்பித்தது.

முதல் காட்சியிலேயே பிணம். முகத்தில் பவுடர், ஒட்டு மீசை, மூக்குக் கண்ணாடி இல்லை. அடையாளம் தெரியாது என்று கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மச்சான் சிரித்தான். "அக்கா, பிணம் மூச்சு விடுது பாரு! வயிறு ஏறி இறங்குது!"

"கொஞ்சம் நல்ல பிணமா பிடிச்சிருக்கக் கூடாதா?" என்றாள் எதிர்வீட்டம்மா.

"நடிக்கத் தெரியாத ஆளையெல்லாம் கூட்டிட்டு வந்து படுக்கவெச்சா இப்படித்தான்" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"யாருக்கு நடிக்கத் தெரியாது? நாள் பூரா படுத்திருந்தேன்! மூக்கு மேல ஈ உக்காந்துச்சு. அசைஞ்சேனா? டைரக்டரே கை தட்டினார், தெரியுமா!"

சரியாக அந்த நேரம் பார்த்து விளம்பரம் போட்டான்.

"யாரு மூக்கு மேல?" என்றாள் மனைவி, கவுன்ட்டர் குரலில்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டினார்.

"அப்ப இடுப்பு?" என்றான் மச்சான்.

"இடுப்பு நல்லாத்தான் இருந்துச்சு மாப்ளே. மன்னிச்சிடு." மனைவி பக்கம் திரும்பினார். "ஆசையா இருந்துச்சும்மா. ஒரே ஒரு தடவை டிவியில வரணும்னு. சொன்னா சிரிப்பீங்கன்னு பயந்துட்டேன்."

"விடுங்க மாமா" என்றான் மச்சான் பெரிய மனதோடு. "நீங்க வந்திருந்தா பீரோவைக் கீழ போட்டிருப்பீங்க."

மனைவி திட்டவில்லை. அவர் கையை லேசாகத் தட்டிக்கொடுத்தாள். "விளம்பரம் முடிஞ்சிடுச்சு, பாருங்க."

திரையில் டாக்டரம்மா துப்பு விசாரிக்கக் கிளம்பினார். செத்தவரின் பக்கத்து வீட்டு மணியை அடித்தார். கதவு திறந்தது.

திறந்தவள் கண்ணாடிக்காரரின் மனைவி.

"யாரு? எந்த வீடு? செத்தவருக்கு நீங்க என்ன உறவு?" என்று திரையில் அவள் கேட்ட வேகத்தில் டாக்டரம்மாவே ஒரு படி பின்வாங்கினார். கேள்வி கேட்க வந்தவருக்குப் பதில் சொல்லி மாளவில்லை. கடைசியில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தங்கமான மனுஷன்ங்க. பொய் சொல்ல வராது. சொன்னாலும் உடனே தெரிஞ்சிடும்."

எதிர்வீட்டம்மா கைதட்டினாள். மச்சான் "அக்கா!" என்று துள்ளி எழுந்தான். கண்ணாடிக்காரர் டிவியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார்.

"நீ... எப்படி?"

"நீங்க குளிச்சிட்டு இருந்தப்ப உங்க போன் அடிச்சுது. 'பிணத்துக்கு ஞாயித்துக்கிழமை வண்டி அனுப்பறோம்'னான் அந்த உதவி டைரக்டர். நான் ஆஸ்பத்திரி ஞாபகத்துல, 'எந்த வார்டு பிணம்? உறவுக்காரங்க கையெழுத்துப் போட்டாச்சா?'ன்னு பிடிபிடின்னு பிடிச்சிட்டேன். பத்து நிமிஷம் பேசிட்டு, 'மேடம், எங்களுக்கு இப்படி ஒரு பக்கத்து வீட்டம்மாதான் வேணும்'னுட்டான். தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு ஒரு நாள் போனேனே, அன்னிக்கு எடுத்தாங்க."

"அப்ப எல்லாம் தெரிஞ்சுதான் தைலம் தேய்ச்சியா?"

"அதுக்குத்தான் ரெண்டு தடவை."

"என்னைத் தடுத்திருக்கலாமே?"

"கண்ணாடி முன்னால நின்னு செத்துச் செத்துப் பார்த்துட்டு இருந்தீங்க. பாவமா இருந்துச்சு. ஆசையா கிளம்பறீங்க, போயிட்டு வரட்டும்னு விட்டுட்டேன்."

கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. சான்றிதழ் போனால் போகட்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தொடரில்! நிமிர்ந்து உட்கார்ந்து இல்லாத மீசையைத் தடவிக்கொண்டார்.

"அடுத்த வாரத்துலேருந்து எல்லா எபிசோட்லயும் வரேங்க" என்றாள் மனைவி. "டாக்டரம்மாவுக்கு வலது கையே நான்தானாம். பக்கம் பக்கமா வசனம்."

"அப்படியே எனக்கும் ஒரு ரோல் கேட்டுப் பாரேன். சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படிங்க கேக்கறது? நீங்கதான் செத்துட்டீங்களே!"