சங்கு ஊதினால் தொடரும்

டிவிக்காரர்களிடம் இனி ஏமாறுவதில்லை என்று நல்லசாமி முடிவு செய்தார். குன்னூருக்குக் கீழே ஒரு டீ ஃபாக்டரியில் ஸ்டோர் கீப்பர் அவர். முடிவு செய்ததோடு நிற்கவில்லை. கேபிள் கருணாகரனை வீட்டுக்கே வரவழைத்தார். சில்வர் ஓக் மரங்களில் மரத்துக்கு மரம் தாவி வந்த கம்பியைத் தன் கண் முன்னாலேயே வெட்டச் சொன்னார்.

"அண்ணா, நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சதாலதான் வெட்டச் சொல்றேன். 'இன்னைக்கு மாமனார் சாவாரா, பொழைப்பாரா'ன்னு நேத்துப் பூரா காட்டிட்டே இருந்தான். கடைசில அந்தாளு தும்மினதோட முடிச்சுட்டான். நடுவுல சோப்பு வித்தான், பல்பொடி வித்தான். அதை வாயைப் பொளந்து பாத்துட்டு இருந்ததுல என்ற ஊட்டுல சோறு தீஞ்சு போச்சு. இனி உன்ற கம்பி எனக்கு வேணும்னா, நானே டீக்கடைக்கு வந்து நாலு பேரு முன்னால உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், போ!"

நல்லசாமி கூச்சப்படுகிறவர். டீக்கடையில் சர்க்கரை குறைந்தால்கூடக் கேட்காமல் குடித்துவிட்டு வருவார். அப்படிப்பட்டவர் போட்ட சபதம் அது. கருணாகரன் கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு போனவன், அன்று மாலையே டீக்கடையில் அதை வார்த்தை பிசகாமல் ஒப்பித்துவிட்டான்.

மனைவி மாரியாயி சண்டை போடவில்லை. சாயங்காலம் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "ஞானசுந்தரி அக்கா ஊடு வரைக்கும் போயிட்டு வந்தர்றனுங்க" என்று பக்கத்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து சோறு போட்டாள். சோறு தீயவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே படுத்தார்.

மறுநாள் காலை டிபன் கேரியரை மூடிக்கொண்டே, "பாவமுங்க அந்தப் பெரிய மனுசன்" என்றாள்.

"எந்தப் பெரிய மனுசன்?"

"புதுசா ஒரு நாடகம் போடறாங்க. அது உங்களுக்கு எதுக்குங்க?"

"சொன்னா என்ன? காசா பணமா?"

"டீ ஃபாக்டரி மொதலாளிங்க. உங்களாட்டமே யாரையும் நம்பாத மனுசன். அவரு பால்ல யாரோ வெசத்தைக் கலந்துட்டாங்க. அது தெரியாம டம்ளரை எடுத்து, வாய்கிட்டக் கொண்டு போயி..."

ஃபாக்டரி சங்கு ஊதியது.

"நேரமாச்சு, கெளம்புங்க."

"குடிச்சாரா?"

"சங்கு ஊதிருச்சுங்க!"

முதல் சங்குக்குக் கிளம்பினால் இரண்டாம் சங்குக்குள் கேட்டில் நுழையலாம். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நல்லசாமி பிந்தியதில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடினார். மேகம் இறங்கி வழியை மறைத்தது. அவர் கண்ணில் பால் டம்ளர்தான் நின்றது. அன்று ஸ்டோரில் பெல்ட் கேட்டவனுக்கு பல்பு எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த நாள் அவராகவே கேட்டார். "பால் என்னாச்சு?"

"பூனை தட்டி விட்டுருச்சுங்க. ஆனா வெசம் வெச்சது யாருங்கறீங்க? ரெண்டு மருமகள்ல ஒருத்திதானாம். பெரியவ சாவிக்கொத்தை இடுப்புல செருகிட்டுத் திரியறா. சின்னவ வாயில்லாப் பூச்சி. நேத்து அவ பொட்டியைத் தொறந்தா... ஏனுங்க, அடுப்புக்கு வெறகு இல்லீங்க. சித்தெ ஒடைச்சுக் குடுத்துட்டீங்கன்னா மிச்சத்தைச் சொல்லிப்போடுவேன்."

டிவியில் நடுவே சோப்பு விற்றார்கள். மாரியாயி வைத்த இடைவேளையில் விறகு உடைந்தது, குடத்தில் தண்ணீர் நிறைந்தது, காரட் தோல் சீவிக் கிடந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காரவும் கதை மறுபடி புறப்படும். பெட்டி திறக்கும். உள்ளே கை நீளும். சங்கு ஊதும்.

சாயங்காலங்களில் அவள் முன்கூட்டியே ஒரு வரி போட்டு வைப்பாள். "நாளைக்கு ஒரு கதவு தொறக்கப் போகுதுங்க. பின்னால நிக்கறது யாருன்னு தெரிஞ்சா ஆடிப் போயிருவீங்க." மறுநாள் கதவுக்குப் பின்னால் அதே பூனை நிற்கும். நல்லசாமிக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

ஞானசுந்தரி வீட்டுக்குப் போய் எட்டிப் பார்க்கலாம்தான். பெண்கள் கூடியிருக்கிற வீட்டில் எப்படிப் போய் உட்காருவது? நினைத்தபோதே வேர்த்தது, குன்னூர்க் குளிரிலும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாரியாயி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போலீஸ் ஜீப் வளைவுல ஏறி வருதுங்க. இன்ஸ்பெக்டர் எறங்கறாரு. ரெண்டு மருமகளும் கைகட்டி நிக்கறாங்க. அவரு வெலங்கை எடுத்து, நேரா நடந்து வந்து..."

சங்கு ஊதியது. நல்லசாமி எழுந்திருக்கவில்லை.

"சங்குங்க!"

"ஊதட்டும். வெலங்கு யாரு கையில?"

"வேலை போயிருமுங்க!"

"போகட்டும். நீ சொல்லு!"

"அவ்வளவுதானுங்க காட்டினாங்க. மிச்சம் இன்னைக்குச் சாயங்காலமாம்."

இரண்டாம் சங்கும் ஊதியது. ஃபாக்டரி கேட்டில் வாட்ச்மேன் கந்தன் அவரைப் பார்த்துப் பதறிப்போய், "ஊட்டுல யாருக்காவது முடியலீங்களா?" என்றான். "மருமகளுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்குப் பிள்ளைகளே இல்லை.

வேலை விட்டதும் நேராக டீக்கடை. பெஞ்சு நிறைய ஆட்கள். கருணாகரன் நடுவில் இருந்தான். நல்லசாமி யாரையும் பார்க்காமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சத்தமாக் கேளுங்கண்ணா, மூலையில இருக்கறவங்களுக்குக் கேக்கலை" என்றான் அவன்.

சத்தமாகவே கேட்டார். இருட்டுவதற்குள் கம்பி வந்துவிட்டது. நல்லசாமி முகம் கழுவி, டிவிக்கு முன்னால் பாயை விரித்து உட்கார்ந்தார். நேரம் வந்தது. யாரோ பாட்டுப் போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். சேனலை மாற்றினார். தங்க நகை. இன்னொன்று. உரம் போடுவது எப்படி. ஜீப் எங்கும் ஏறவில்லை.

அப்போது ஞானசுந்தரி முறுக்குத் தட்டோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். "அப்பாடா! எங்க ஊட்டு டிவி இடி விழுந்து போனதுல இருந்து பொழுதே போகலீங்கண்ணா."

"இடி எப்ப விழுந்துச்சு?"

"நீங்க கம்பியை வெட்டறதுக்கு முந்தின வாரமுங்க."

நல்லசாமி டிவியை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "அப்ப ரெண்டு பேரும் தெனமும் எதைப் பாத்தீங்க?"

"எங்கீங்க பாக்கறது? அடுப்புகிட்டக் குளிர் காஞ்சுட்டே யோசிப்போம். பூனை என்ற யோசனைதானுங்க."

மாரியாயி முறுக்கைக் கடித்தாள். "வெலங்கை யாருக்கு மாட்டறதுன்னுதான் இன்னும் முடிவாகலீங்க."

நல்லசாமிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எழுந்து நின்றார். விரலை நீட்டினார். வாயைத் திறந்தார்.

"சின்ன மருமக மேல மட்டும் பழியைப் போட்டுராதீங்க. அது பாவம்."