இடது தோள் இறங்கிய பொம்மை

கோயம்புத்தூர் ஜில்லாவில் பாதிப் பேருடைய முதுகை அடையாளம் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் பொம்மையண்ணன்தான். முகம்தான் ஒன்றுகூடத் தெரியாது. மூன்று வருசம் ஒரே கடையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் என்னை நேருக்கு நேர் பார்த்தால் யாரோ என்று விலகிப் போவார். நான் அவரைத் தாண்டி நாலடி வைத்ததும் பின்னாலிருந்து குரல் வரும்: "அட, மாஸ்டருங்களா! இடுப்பு அரை இஞ்ச் ஏறிப்போச்சுங்க."

சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவே இருந்த தையல்கடை அது. நான் துணி வெட்டுகிறவன், அவர் அளவு எடுக்கிறவர். டேப்பைக் கையால் தொடமாட்டார். ஒரு சின்ன அறை, நடுவில் வட்டப் பலகை. ஏறி நின்றால் பலகை மெதுவாகச் சுற்றும். சுவரில் இருக்கும் கேமராக்கள் படம் பிடிக்கும். ஒரே நிமிசத்தில் கம்ப்யூட்டர் உங்களைச் சாம்பல் நிறப் பொம்மையாகத் திரையில் நிறுத்திவிடும். முழங்கை மடிப்பு, தொப்புள் மேடு எல்லாம் அச்சு அசலாக இருக்கும். முகத்தை மட்டும் சாஃப்ட்வேர் வழித்து எடுத்துவிடும். கேட்டால் ஆள் அடையாளம் தெரியக்கூடாதாம். உரித்த முட்டை மாதிரித் தலையோடு நாமே நம் எதிரில் நிற்போம்.

ஆரம்பத்தில் பலகை சுற்றுமுன் மெசினுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் "வணக்கம்" என்று சொல்லும். நம்ம ஊர் ஆட்கள் பதில் மரியாதை செய்யாமல் விடுவார்களா? செருப்பை வாசலிலேயே கழற்றி, பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, "வணக்கமுங்க" என்று கை குவித்துக் குனிவார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துக் கேமரா பிடித்துவிடும். பொம்மையில் கையெல்லாம் நெஞ்சோடு ஒட்டிப்போனது. முகமும் இல்லாமல் கையும் இல்லாமல், கூன் போட்ட முப்பது உருவங்கள் திரையில் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கடை பெருக்க வந்த அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினார். மறுநாள் வேப்பிலையோடுதான் உள்ளே நுழைந்தார்.

பொம்மையண்ணன் அந்தக் குரலையே பிடுங்கிப் போட்டுவிட்டார். "மெசினு மரியாதை தெரியாம இருந்தாத்தானுங்க அளவு சரியா வரும்" என்றார்.

ஆனால் அந்த மரியாதையையெல்லாம் அவரே பொம்மைகளுக்குக் கொடுத்தார். உயிரோடு வருகிறவர்களிடம் "ம், ஏறுங்க, மூச்சப் புடிங்க, எறங்குங்க" என்பதோடு சரி. பொம்மையை மவுசால் திருப்பும்போதோ, "கொஞ்சம் இப்படித் திரும்பிக்கறீங்களா? சிரமமுங்க" என்று குழைவார். சில சமயம் காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தலையாட்டுவார். என்ன பதில் வந்ததென்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. பயம்தான்.

கோட்டு தைக்க வந்த மாப்பிள்ளைப் பையன் ஒருவனிடம் ஒருநாள், தலையை நிமிர்த்தாமலே, "உங்க ஒடம்பு இன்னொண்ணு தாராபுரத்துல இருக்குதுங்க" என்றார்.

"என்னதுங்க?"

"கழுத்து, நெஞ்சு, தொடை, எல்லாம் அதேதானுங்க. அரை நூலு வித்தியாசமில்ல. இந்நேரம் சோறு தின்னுட்டு இருக்கும்."

பையன் கோட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாமென்று போய்விட்டான். ஒரு வாரம் கழித்து அவனுடைய அம்மா வந்து, "நாளைக்குத் தாலி கட்டோணும், எம்பையன் கண்ணாடி முன்னால நிக்கவே மாட்டேங்கறானுங்க!" என்று கடையை இரண்டாக்கிவிட்டார். பொம்மையண்ணன் அந்த அம்மாவின் தோளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இரண்டு வருசமாகக் கடைக்கு வராதவர்களின் பொம்மைகளை வெள்ளிக்கிழமைக்குள் அழித்துவிட வேண்டும். பொம்மையண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் கருமத்தம்பட்டியிலிருந்து ஓர் அம்மா வந்தார். சொந்தமாகத் தறி ஓட்டும் குடும்பம்.

"எங்கூட்டுக்காரரு போயி ரெண்டு வருசம் ஆகப்போகுதுங்க. திதிக்குப் புதுச்சட்டை வெச்சுப் படைப்போம். போன வருசம் ரெடிமேடு ஒண்ணு வாங்கி வெச்சனுங்க. படத்துக்கு முன்னால அதைப் பாத்தா யாரோட சட்டையோ மாதிரி இருந்துச்சு. அவருக்குப் பத்தலையோ என்னமோன்னு ஒரு வருசமா நெஞ்ச அரிக்குதுங்க. எந்தம்பி கல்யாணத்துக்கு இங்கதான் அளவு குடுத்தாரு. அது இருக்குதுங்களா?"

ஒரு நாள் கழித்து வந்திருந்தால் இருந்திருக்காது.

பொம்மையண்ணன் தேடி எடுத்துத் திரையில் நிறுத்தினார். அந்த அம்மா முதலில் பின்வாங்கிவிட்டார். அப்புறம் மெல்லக் கிட்டே வந்து, "இடது தோளப் பாருங்க… தறியில நின்னு நின்னு எறங்குன தோளுங்க. அவருதானுங்க" என்றார்.

"சட்டையப் போட்டுப் பாக்க ஆள் வேணுமே" என்றேன் நான்.

"ஆள் இருக்குதுங்க" என்றார் பொம்மையண்ணன். "தோளு ஒண்ணு தவிர, மத்ததெல்லாம் உங்க ஒடம்புதானுங்க அது. சொன்னா நீங்க வேலைக்கு வரமாட்டீங்கன்னு சொல்லலீங்க."

அந்தச் சட்டையை வெட்டும்போது கத்தரி எனக்குக் கனத்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அதைப் போட்டுக்கொண்டு, அந்த அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"தோளு…" என்றார் அவர்.

பொம்மையண்ணன் வந்து என் இடது தோளில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினார்.

"ஏனுங்க…" என்று பின்னாலிருந்து அந்த அம்மா கூப்பிட்டார்.

என்னைக் கூப்பிடுகிற குரல் இல்லை அது. ஆனாலும் பழக்கதோசத்தில் வாய் திறந்துவிட்டேன். தோளில் இருந்த கை இறுகியது. நான் மூச்சுக்கூட விடவில்லை. என் பின்னால் ஒரு தேம்பல் வந்து அடங்கியது.

"சரியா இருக்குதுங்க" என்றார் அந்த அம்மா. "அவருக்குப் பத்துமுங்க."

சட்டையை மடித்து வாங்கிக்கொண்டவர் திரையைப் பார்த்தார். "இனி இவர என்ன பண்ணுவீங்க?"

"இன்னிக்கு அழிக்கோணுமுங்க. நீங்க சொன்னா, வேலை போனாலும் பரவாயில்லீங்க, ஒளிச்சு வெச்சுக்கறேன்."

"நெஞ்சு ஏன் இப்படித் தூக்கிட்டு நிக்குது?"

"அளவெடுக்கறப்ப மூச்சப் புடிக்கச் சொல்லுவமுங்க. புடிச்சாப்பலயே நின்னுட்டாரு."

"ரெண்டு வருசமாவா?" அந்த அம்மா சட்டையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "பாவமுங்க. உட்டுக்கச் சொல்லிப்போடுங்க."

பொம்மையண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். பெரிய மனிதர் ஒருவர் கிளம்பும்போது யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் அல்லவா, அப்படி நின்றார். "மூச்ச உட்டுக்கலாமுங்க" என்று திரையைப் பார்த்து மெதுவாகச் சொல்லிவிட்டு, பொத்தானை அழுத்தினார்.

அவரை வைத்து இந்த மாதிரி எத்தனையோ இடத்தில் சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்லியிருக்கிறேன். ஆனால் வேறு யாராவது அவரைக் கிறுக்கன் என்று சொல்லிவிட்டால், எனக்குப் பொறுக்காது.